தொழிலும் பீடியும்: ஒரு பாடம்



இந்த இதழின் பாடப் பகுதிக்கு, எங்கள் வெளிநோயாளர் சீட்டில் அடுத்தடுத்து வரும் இரண்டு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்று, "பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உண்டா?" மற்றது, "என்ன வேலை செய்கிறீர்கள்?" முதல் கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்கிறவர், இரண்டாவது கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்கிறார். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே நெருங்கிய உறவு உண்டு. அது என்ன உறவு என்பதே இன்றைய பாடம்.

நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி, இருமல், இளைப்பு, காசநோய், வாய்ப்புற்று, மாரடைப்பு என்று வருகிறவர்களுக்குச் செலவாகிறது. இவற்றில் பல வியாதிகளுக்குப் பின்னால் புகையிலை நிற்கிறது. "இவ்வளவு சொல்லியும் ஏன் இவர்கள் விடுவதில்லை? வைராக்கியம் இல்லையா?" என்று எங்களைக் கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாம் தனிமனித வைராக்கியத்தைப் பொறுத்தது என்றால், எல்லாத் தொழில்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் புகைப்பவர்கள் இருக்க வேண்டுமே. கணக்கெடுத்த இடங்களில் எல்லாம் அப்படி இல்லை என்றே தெரிகிறது.

மிகத் தெளிவான கணக்கு அமெரிக்காவில் கிடைக்கிறது. 2004 முதல் 2010 வரை அந்நாட்டு அரசு நடத்திய சுகாதார விசாரணையில், வேலை செய்யும் பெரியவர்களில் 19.6 சதவீதம் பேர் சிகரெட் புகைத்தார்கள். இது சராசரி. தொழில்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, கற்பித்தல், பயிற்சி, நூலகம் ஆகிய வேலைகளில் இருப்பவர்களிடத்தில் இது 8.7 சதவீதம்தான். கட்டட வேலையிலும் சுரங்கம் தோண்டும் வேலையிலும் இருப்பவர்களிடத்தில் 31.4 சதவீதம். ஒரே நாடு, ஒரே சட்டம், கடையில் ஒரே விலை. கொத்தனார் புகைப்பது வாத்தியாரைவிட மூன்றரை மடங்குக்கு மேல். கொத்தனாராய்ப் பிறந்தவர்களுக்கெல்லாம் வைராக்கியம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

அமெரிக்கக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. அங்கே சிகரெட் மட்டுமே பெரிய பிரச்சினை. இங்கே பீடி, சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை, ஹான்ஸ், குட்கா என்று பல வடிவங்கள். ஆயினும் சாய்வு ஒரே பக்கமாகத்தான் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் மும்பையில் 35 வயதும் அதற்கு மேலும் உள்ள ஏறக்குறைய 1 லட்சம் பேரை வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். ஆண்களில் 69.3 சதவீதமும் பெண்களில் 57.5 சதவீதமும் ஏதோ ஒரு வகையில் புகையிலை உபயோகித்தார்கள். பெண்களிடத்தில் இது பெரும்பாலும் மெல்லுவதும் பல்லில் தேய்ப்பதும். அந்தத் தகவல்களைப் பின்னால் மறுபடியும் ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட கட்டுரை, படிப்புக் குறையக் குறைய பழக்கம் கூடுகிறது என்றும், கூலித் தொழிலாளரிடத்தில் அது அலுவலகக்காரரைவிட அதிகம் என்றும் காட்டியது.

நம் மாநிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசு நடத்திய புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியா முழுவதிலும் புகையிலை உபயோகிப்பவர்கள் 2009-10-ல் 34.6 சதவீதமாய் இருந்து 2016-17-ல் 28.6 ஆகக் குறைந்தார்கள். தமிழ்நாட்டில் அதே காலத்தில் 16.2-லிருந்து 20.0 ஆகக் கூடியது. மற்ற மாநிலங்களைவிட நாம் மேல் என்று சந்தோஷப்படலாம். ஆனால் நாடு இறங்கிக்கொண்டிருந்தபோது நாம் ஏறிக்கொண்டிருந்தோம்.

வேலை எப்படி ஒருவர் கையில் பீடியைக் கொடுக்கிறது?

இதற்கான பதிலைப் புத்தகத்தைவிட எங்கள் நோயாளிகளிடமிருந்தே அதிகம் கற்றுக்கொண்டோம். அன்னங்கோவில் துறையிலிருந்து கடலுக்குப் போகிற ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், இருமலோடு வந்தார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. எங்கள் செவிலியர், "பீடியை எப்போ ஆரம்பிச்சீங்க அண்ணே?" என்று கேட்டார். "கடலுக்குப் போன அன்னிக்கே சிஸ்டர். வலையைப் போட்டுட்டு ராவு முழுக்க முழிச்சிருக்கணும். சும்மா ஒக்காந்தா தூக்கம் சொக்கும். பெரியவங்க ஒண்ணு பத்தவெச்சுக் குடுத்தாங்க" என்றார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது.

அவர் சொன்னது உண்மை. புகையை உள்ளே இழுத்த சில விநாடிகளிலேயே நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. விழிப்புக் கொடுக்கிறது. பசியை மந்தப்படுத்துகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுவதால் உடல் மறுபடியும் கேட்கத் தொடங்கும். இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய தொழில்களை எண்ணிப் பாருங்கள். மீனவர், லாரி டிரைவர், காவற்காரர், ஆலையில் இராத்திரி ஷிப்டுக்காரர். காத்திருத்தலும் தூக்கத்தோடு போராடுதலும் இவர்கள் வேலையின் பாதி. ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் பெட்டிக்கடையில் கிடைக்கிற ஒரு பொருள் இரண்டையும் சமாளிக்க உதவுகிறது என்றால், அதை வாங்குகிறவரை முட்டாள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

பசியும் அப்படித்தான். காலையில் பழையதைக் குடித்துவிட்டு வயலுக்குப் போகிறவருக்கு மத்தியானச் சாப்பாடு வரும்வரை வயிற்றை அடக்கிவைப்பது ஒரு பீடி. சிதம்பரம் பக்கத்து நெல்வயல்களில் நாற்று நடும் பெண்கள் பீடியைத் தொடுவதில்லை. ஆனால் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டுப் புகையிலை இருக்கும். அதுவும் அதே பசிக்குத்தான். "பெண்கள் புகைப்பதில்லை, அவர்களைக் கேட்க வேண்டியதில்லை" என்று விட்டுவிட்டால் வாய்ப்புண்ணைக் காலத்தில் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

கட்டட வேலையில் வேறொரு காரணமும் சேர்கிறது. கேட்டால் வேடிக்கையாக இருக்கும். வேலையிடத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்தால் மேஸ்திரி கோபிப்பார். "ஒரு பீடி போட்டுட்டு வரேன்" என்று போய் உட்கார்ந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். பீடி பிடிக்கிறவருக்கு ஐந்து நிமிட ஓய்வு உரிமையாகிவிடுகிறது. பிடிக்காதவர் அந்த நேரத்திலும் கலவை போட்டுக்கொண்டிருப்பார். பதினெட்டு வயதுப் பையன் இதைக் கவனிக்க ஒரு வாரம்கூட ஆகாது. ஓய்வு வேண்டுமானால் பீடி வேண்டும். இதைவிட எளிதான பாடத்தைப் பள்ளிக்கூடத்தில்கூட நடத்த முடியாது!

புகையிலையை எந்த வடிவத்தில் எடுத்துக்கொள்வது என்பதையும் வேலைதான் தீர்மானிக்கிறது. தீ ஆகாத இடத்தில் மெல்லுவார்கள். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிவாயுவுக்குப் பயந்து நெருப்பை விலக்கியிருந்ததால் சுரங்கத் தொழிலாளர்கள் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டார்கள். பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் பெட்ரோல் கிடங்கிலும் பீடி பற்றவைக்க முடியாது. இரண்டு கையும் ஓயாமல் வேலை செய்கிறவருக்கும் மெல்லுவதே வசதி. ஆகவே "நான் புகைக்கிறதே இல்லை" என்ற பதிலோடு நாங்கள் நிறுத்துவதில்லை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கிறோம்.

இந்தப் பழக்கம் நம் நாட்டுக்கு வந்ததே ஒரு தொழிலின் வழியாகத்தான். அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய புகையிலையைக் கப்பலில் ஏற்றி நம் கரைகளுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். பரங்கிகள் என்று நம் முன்னோர் அழைத்தது இவர்களைத்தான். நம் பரங்கிப்பேட்டைக்குப் பெயர் வந்ததும் அவர்களால். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது அக்பரின் அரசவைவரை போய்விட்டது. வைத்தியர் ஆட்சேபித்தும் சக்கரவர்த்தி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாராம். நாமும் பதிலுக்கு உலகத்துக்கு ஒன்றைக் கொடுத்தோம். ஆங்கிலத்தில் வழங்கும் "செரூட்" என்ற சொல் நம் "சுருட்டு"தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பட்டாளத்தாரின் கதையும் இதே போன்றது. இரண்டு உலக யுத்தங்களிலும் சிப்பாய்களின் ரேஷனோடு சிகரெட் கொடுத்தார்கள். அமெரிக்கப் படையில் உணவுப் பொட்டலத்தில் சிகரெட் வைக்கும் வழக்கம் 1975-ல்தான் நின்றது. பயத்தையும் காத்திருத்தலையும் தாங்கச் சர்க்காரே கொடுத்த பொருளை, வீடு திரும்பிய பிறகு அந்த மனிதர்கள் விடவில்லை.

விழுப்புரம் சொல்லும் சாட்சி

பீடியினால் என்ன நேரிடுகிறது என்பதற்கு நாம் தூரதேசத்துக் கணக்கைத் தேட வேண்டியதில்லை. பக்கத்து மாவட்டமே சாட்சி. 1993 செப்டம்பர் வரை கடலூரும் விழுப்புரமும் சேர்ந்து தென்னாற்காடு என்ற ஒரே மாவட்டமாய் இருந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும், ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ரிச்சர்ட் பீட்டோவும், மற்றவர்களும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி 2003-ல் லான்செட் பத்திரிகையில் வந்தது. சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி அவர்கள் குடும்பத்தாரிடம் விசாரித்தார்கள். எந்த வியாதியால் இறந்தார், புகைப்பாரா, எவ்வளவு காலம் என்று கேட்டுக் குறித்தார்கள். உயிரோடிருக்கும் 35,000 ஆண்களிடமும் அவர்களுடைய பழக்கத்தைக் கேட்டு இரண்டையும் ஒப்பிட்டார்கள்.

நகரத்தில், வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களில், வியாதியால் இறப்பது புகைத்தவர்களிடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேல்நாடுகளில் இப்படிப்பட்ட ஆராய்ச்சி நடந்தால் முன்னால் வந்து நிற்பது நுரையீரல் புற்றும் மாரடைப்பும். இங்கே மாரடைப்போடு சேர்ந்து முன்னால் வந்து நின்றது காசநோய். புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல். கிராமத்திலும் நகரத்திலும் ஏறக்குறைய அதே நிலை. இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் பாதிப்பேரின் சாவுக்குப் புகைத்தல் காரணமாகிறது என்று அவர்கள் முடிவு சொன்னார்கள்.

இது ஏன் என்று எளிதாகச் சொல்லலாம். காசநோய்க் கிருமி நம்மில் அநேகருக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. பலருக்கு வாழ்நாள் முழுவதும் அது எழும்புவதில்லை. நுரையீரலின் உட்சுவரில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுகிற மெல்லிய மயிர்களும், கிருமியை விழுங்குகிற அணுக்களும் காவல் செய்கின்றன. தினமும் புகை படும்போது அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. தூங்கின கிருமி எழும்புகிறது. காசநோயாளி ஒருவர் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக்கொண்டே பீடியையும் பிடித்தால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல ஆகிறது. நாங்கள் மருந்து கொடுக்கிறோம். அவரோ மருந்து பழுதுபார்க்கிற இடத்தையே மறுபடியும் கெடுத்துக்கொண்டிருக்கிறார்.

"பீடி சின்னது, இலையில் சுற்றினது, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை" என்று வெளிநோயாளர் பிரிவில் கேட்காத நாளில்லை. பீடியில் புகையிலை குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த இலை காற்றை உள்ளே விடாது. அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துபோகும். ஆகவே பலமாகவும் பலமுறையும் இழுக்க வேண்டும். புகையில் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைவானதல்ல. 2008-ல் வெளியான தேசிய அளவிலான ஆராய்ச்சி ஒன்று, பீடி பிடிக்கும் இந்திய ஆண் தன் ஆயுளில் சராசரியாக 6 வருஷத்தையும், சிகரெட் பிடிக்கிறவர் 10 வருஷத்தையும் இழக்கிறார் என்று கணக்கிட்டது. நாளொன்றுக்கு ஏழுக்கு மேற்படாமல் பீடி பிடிக்கிறவருக்கே சாவின் அபாயம் கால் பங்கு கூடுகிறது. ஆறு வருஷம் என்பதைக் கடற்கரைக் குடும்பத்தின் கணக்கில் சொன்னால், மகளின் கலியாணமும் மகன் சொந்தப் படகு வாங்குவதும் அதற்குள் அடங்கும்.

தொழிலின் தூசியும் புகையும் சேரும்போது கணக்கு கூட்டலில் நிற்பதில்லை, பெருக்கலாகிவிடுகிறது. அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்காரர்களைப் பல வருஷம் கவனித்து 1979-ல் வெளியிட்ட கணக்கு இது. இரண்டும் இல்லாதவருக்கு நுரையீரல் புற்றால் சாகும் அபாயம் 1 என்று வைத்துக்கொண்டால், ஆஸ்பெஸ்டாஸ் தூசி மட்டும் பட்டவருக்கு 5, சிகரெட் மட்டும் பிடித்தவருக்கு ஏறக்குறைய 11. இரண்டும் சேர்ந்தவருக்கு 53. கல் உடைக்கிறவர், வெல்டிங் செய்கிறவர், சிமெண்ட் மூட்டை சுமக்கிறவர் ஆகியோர் வந்தால் நாங்கள் புகையைப் பற்றி அதிகக் கவலையோடு பேசுவது இதனால்தான். அவர்களுடைய தூசி வேறு, இதே எண்கள் அங்கே வராது. ஆனால் ஏற்கனவே தூசியால் புண்பட்ட நுரையீரலில்தான் அவர்களுடைய புகையும் போய்ச் சேருகிறது. எந்தத் தொழிலில் தூசி அதிகமோ அந்தத் தொழிலிலேயே பீடியும் அதிகமாய் இருப்பது பெரிய துக்கம்.

ஒரு தொழிலே சேர்ந்து விட்டபோது

இதுவரை சொன்னது மனதைச் சோர்வாக்கும். ஆனால் வேலை ஒரு பழக்கத்தைக் கொடுக்க முடியுமானால், வேலையே அதை எடுக்கவும் முடியும். அதற்கு நல்ல உதாரணம் எங்களைப் போன்ற மருத்துவத் தொழிலாரே.

1950-ல் லண்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இருவர், நுரையீரல் புற்று ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று விசாரித்தார்கள். டாலுக்கு முதலில் சந்தேகம் ரோட்டுக்குப் போடும் தார் மீதுதான். விசாரித்துப் பார்த்தபோது, அந்த வியாதி வந்த 649 ஆண்களில் இருவர் மாத்திரமே புகைக்காதவர்கள்! டால் தன் சிகரெட்டை அதோடு விட்டுவிட்டார். அடுத்த வருஷம், 1951-ல், பிரிட்டனிலுள்ள டாக்டர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி அவரவர் பழக்கத்தைக் கேட்டார்கள். 34,439 ஆண் டாக்டர்கள் பதில் எழுதினார்கள். அந்தக் காலத்து டாக்டர்களில் புகைப்பவர்களே அதிகம். நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு வாயில் பைப்போடு பேசுவார்கள். தங்கள் சக டாக்டர்களே வரிசையாகச் சாவதை முடிவுகள் காட்டக் காட்ட, அந்தத் தொழிலே மாறிப்போயிற்று. பிரிட்டனில் மற்றெல்லாத் தொழில்களுக்கும் முன்பாக டாக்டர்கள் சிகரெட்டை விட்டார்கள். ஐம்பது வருஷத் தொடர் கணக்கு 2004-ல் வந்தபோது, 60 வயதில் விட்டவர் 3 வருஷம், 50-ல் விட்டவர் 6, 40-ல் விட்டவர் 9, 30-ல் விட்டவர் ஏறக்குறைய 10 வருஷ ஆயுளைத் திரும்பப் பெற்றதாகத் தெரிந்தது. "இனிமே விட்டு என்ன பிரயோஜனம்?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு நாங்கள் சொல்வது இந்த எண்களைத்தான்.

டாக்டர்களுக்குப் படிப்பு இருந்தது, விட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். அமெரிக்காவில் ஆசிரியர்கள் மிகக் குறைவாகப் புகைக்கிறார்கள் என்று மேலே பார்த்தோம். பீகாரிலோ ஆசிரியர்களிடத்திலும் புகையிலைப் பழக்கம் பரவலாக இருந்தது. படிப்பு மாத்திரம் காப்பாற்றாது. கூட வேலை செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே முக்கியம். அங்கே 72 அரசுப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தி 2013-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பள்ளிகளில் மாதாமாதம் ஆசிரியர்கள் தங்களுக்குள்ளேயே கூடிப் பேசினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புகையிலையில்லா விதி வைத்தார்கள். விட நினைத்தவருக்கு மற்றவர்கள் துணை நின்றார்கள். திட்டம் முடிந்தபோது அந்தப் பள்ளிகளில் உபயோகித்தவர்களில் 50 சதவீதம் பேர் ஒரு மாதமாகத் தொடாமல் இருந்தார்கள். மற்றப் பள்ளிகளில் 15 சதவீதம். பின்பு ஒன்பதாம் மாதத்தில் போய்க் கேட்டபோது, ஆறு மாதமாய்த் தொடாதவர்கள் 19 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 7. ஐம்பது பத்தொன்பதாகக் குறைந்ததையும் கவனியுங்கள். விடுவது எளிதென்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் சேர்ந்து விடுகிறவர் தனியாய் விடுகிறவரைவிட நன்றாக நிற்கிறார்.

வேலையிடத்தில் புகைக்கக் கூடாது என்ற விதியும் பலன் தருகிறது. நான்கு நாடுகளில் நடந்த 26 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2002-ல் பார்த்ததில், முழுத்தடை வைத்த இடங்களில் புகைப்பவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேர் குறைந்தார்கள். விடாதவர்களும் நாளொன்றுக்குச் சுமார் 3 சிகரெட்டைக் குறைத்துக்கொண்டார்கள். இந்தியாவில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களிலும் வேலையிடங்களிலும் புகைப்பதற்குத் தடை இருக்கிறது. கூரையும் சுவரும் உள்ள ஆபீசில் அது ஓரளவு நடக்கிறது. படகுக்கும் வயலுக்கும் பாதி எழும்பின கட்டடத்துக்கும் அந்தச் சட்டம் எட்டுவதில்லை. அதிகம் புகைக்கிறவர்கள் இருப்பதோ அங்கேதான்.

ஆகவே எங்கள் முறையைக் கொஞ்சம் விளக்குகிறோம். "பீடியை விட்டுவிடுங்கள்" என்று மாத்திரம் சொல்லி அனுப்பாமல், "காலையில் எழுந்த எத்தனை நிமிஷத்தில் முதல் பீடி?" என்று கேட்கிறோம். ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் உடல் மிகவும் அடிமைப்பட்டிருக்கிறது. அவருக்கு நிகோடின் சூயிங்கம் போன்ற உதவி தேவைப்படும். பிறகு, வேலையில் எந்தெந்த நேரத்தில் பற்றவைக்கிறார் என்று கேட்டு எழுதுகிறோம். வலை போட்ட பிறகா, டீயோடா, மேஸ்திரி திட்டினபோதா? அந்த நேரத்துக்கு மாற்று என்ன என்று அவரோடேயே யோசிக்கிறோம். முதல் வாரம் கடினம். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், பசிக்கும். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். அவருடைய கூட்டாளி ஒருவரையும் அழைத்துவரச் சொல்கிறோம். வீட்டம்மாவைவிடப் படகுக் கூட்டாளி வந்தால் அதிகப் பிரயோஜனம் என்று கண்டோம். இதைச் சொன்னால் வீட்டம்மாக்கள் எங்கள்மேல் கோபிப்பார்கள்!

உங்களிடமும் ஒரு விண்ணப்பம். வாசகர்களில் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், செவிலியர்கள், ஓய்வுபெற்றவர்கள் அதிகம் என்பதை உங்கள் கடிதங்களிலிருந்து அறிவோம். நீங்களே பீடி பிடிக்கிறவர்களாய் இருப்பது அபூர்வம். ஆனால் உங்களில் பலர் வீடு கட்டுகிறீர்கள். உங்கள் சபைகளும் ஆலயமும் பள்ளியும் கட்டுகின்றன. அந்த வேலையிடத்தில் காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் எல்லாருக்கும் சமமான ஓய்வு கொடுங்கள். பீடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உட்கார அனுமதி இருக்கட்டும். டீயோடு ஒரு பன்னோ சுண்டலோ கொடுங்கள். இரவுக் காவற்காரருக்கு ஃபிளாஸ்கில் காப்பி வையுங்கள். புதிதாய்ச் சேர்ந்த பையன் ஒருவன் பீடி இல்லாமலே உட்காரக் கற்றுக்கொண்டால், அவனுக்காக இங்கே ஒரு படுக்கை தயார் செய்ய வேண்டியதில்லை. விட விரும்புகிறவர் யாராவது இருந்தால், 2018 முதல் பீடிக்கட்டிலும் சிகரெட் அட்டையிலும் எச்சரிக்கைப் படத்தோடு அச்சிடப்பட்டு வரும் 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் காட்டிக்கொடுங்கள். தமிழிலும் பேசலாம்.

இங்கே எங்களுக்கு ஒரு நல்ல பருவமும் உண்டு. கிழக்குக் கரையில் வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 61 நாள். கையில் காசு இல்லாத காலம். வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். இரவு விழிப்பு இல்லை. பீடி விட இதைவிட ஏற்ற காலம் கிடையாது. ஆனால் கரையில் விட்டவர் ஜூன் 15 இரவு மறுபடியும் கடலில் இருப்பார். வலை போட்டாகிவிடும். தூக்கம் சொக்கும். பக்கத்தில் ஒருவர் பற்றவைப்பார். அந்த முதல் இரவுக்குச் சட்டைப்பையில் என்ன கொண்டுபோவது என்பதை மே மாதத்திலேயே ஒவ்வொருவரோடும் பேசிவைக்கிறோம். சிலர் வறுகடலை என்கிறார்கள், சிலர் சுக்குமிட்டாய். மேலே சொன்ன அந்த அண்ணன் கிராம்பு கேட்டார். ஆறு மாத மருந்தில் அவருக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கியிருக்கிறது.